பொள்ளாச்சியில் மனு, கொழிஞ்சாம்பாறையில் நானும் பிள்ளைகளும்: எந்தக் கோர்ட், பிள்ளை யாரிடம், ஜீவனாம்சம் எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறை மகள் | ஜூன் 3, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு நானே கேட்க வேண்டிய நிலைமை.

பிறந்த ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். எங்களுக்கு இதெல்லாம் ஒரே ஊர் மாதிரிதான். சந்தைக்கும் பொள்ளாச்சி, நகை எடுக்கவும் பொள்ளாச்சி. ரேஷன் கார்டு மட்டும் கேரளா. கல்யாணமும் 2014-ல் பொள்ளாச்சியில்தான் நடந்தது. மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு நாலு. போன ஐப்பசியில் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்பதை இங்கே எழுத மனசு வரவில்லை.

போன வாரம் பொள்ளாச்சி கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. நான் அவரைக் கொடுமைப்படுத்தினேன் என்று விவாகரத்து மனு. மகனையும் தன் பொறுப்பில் கேட்கிறார். கேரளாவில் இருந்தால் பையன் தமிழை மறந்துவிடுவான் என்று அதில் எழுதியிருக்கிறது. பையன் இங்கே தமிழ் மீடியத்தில்தான் படிக்கிறான்.

அண்ணன் கோர்ட்டே வேண்டாம் என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதி அத்துவிட்டால் முடிந்தது என்கிறான். அவர்கள் பத்திரத்தை எழுதியே கொண்டுவந்துவிட்டார்கள். மகன் அப்பாவிடம், மகள் என்னிடம், இனி எந்தக் காலத்திலும் எனக்கோ மகளுக்கோ ஜீவனாம்சம் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நான் தையல் யூனிட்டில் மாதம் 8,000 வாங்குகிறேன். என் நகை 40 பவுன் மாமியாரிடம் இருக்கிறது.

போடலாமா? போடாவிட்டால் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டுமா, பாலக்காட்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? மகனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா?

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 3, இரவு 10.25

அம்மா, முதலில் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த மாதிரிப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்ட பிறகு வந்து நிற்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்தான் கலைக்க முடியும். உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு அத்துவிடும் வழக்கம் உண்டென்று சாட்சியோடு நிரூபித்தால் 29-ஆம் பிரிவு அதை ஏற்கும். ஆனால் அதை நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. வெறும் முத்திரைத்தாளில் எழுதினால் நீங்கள் இன்னும் அவருடைய மனைவிதான். அதை நம்பி யாராவது இரண்டாம் கல்யாணம் செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு.

மகளுக்குச் செலவு கேட்க மாட்டேன் என்ற வரி அதைவிட மோசம். பிள்ளையின் ஜீவனாம்சம் பிள்ளையின் உரிமை. அம்மா எழுதிக்கொடுத்தாலும் அது போகாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டியே உங்களை இரண்டு வருஷம் இழுத்தடிப்பார்கள்.

அடுத்தது சம்மன். தபால்காரரிடம் வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாங்க மறுத்தாலும் சார்வு ஆனதாக, அதாவது உங்கள் கையில் சேர்ந்ததாகத்தான் கணக்கு. நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பு. கொடுமை என்று ஏன் போட்டார் என்றும் புரிந்துகொள்ளுங்கள். கைவிட்டுப் போனாள் என்று போட வேண்டுமானால் இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு ஐப்பசியிலிருந்து எட்டு மாசம்கூட ஆகவில்லை. அவருக்குக் கையில் கிடைத்த காரணம் அதுதான். மனுவில் எழுதிவிட்டால் உண்மை ஆகிவிடாது, அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நகரி தறிவீடு | ஜூன் 3, இரவு 11.05

சித்தூர் என்றதும் எங்கள் ஆந்திரா சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன், இது கேரளா சித்தூர். வந்த பிறகு படித்து முடித்தேன், அக்கா. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான். நான் நகரி, அவர் திருத்தணி.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். இங்கே கோர்ட்டில் நடப்பது தெலுங்கு. கல்யாணப் பதிவுச் சான்று தமிழ், பிள்ளையின் ஸ்கூல் சர்டிபிகேட் தமிழ். எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தாக்கல் செய்யச் சொன்னார்கள், அதற்கே இரண்டு வாய்தா போனது. நீங்கள் பாலக்காட்டில் ஏதாவது போடுவதாக இருந்தால் தமிழ்க் காகிதங்களை இப்போதே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் தமிழில்தான் சாட்சி சொன்னேன், தடை ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியெடுத்தது தெலுங்கில். அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன், வாசித்தார்கள். ஒரு இடத்தில் ‘அடித்தார்’ என்பது ‘திட்டினார்’ என்று இருந்தது. கேட்டிருக்காவிட்டால் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 4, காலை 6.50

சகோதரி கேட்டது சட்டத்தில் இருக்கிற உரிமைதான். சாட்சி சொன்ன மொழி வேறு, எழுதிய மொழி வேறு என்றால், சாட்சிக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 18-ஆம் ஆணை, 6-ஆம் விதி.

வேலந்தாவளம் ஆசிரியர் | ஜூன் 4, காலை 8.15

பாலக்காட்டுக்கு மாற்றக் கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன். மனைவி இருக்கிற ஊருக்கு வழக்கை மாற்றுவது சகஜம்தானே? என் தங்கை கேஸை ஒட்டப்பாலத்திலிருந்து பாலக்காட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 4, காலை 9.30

சார், உங்கள் தங்கை கேஸ் இரண்டும் கேரளாவுக்குள். அதை எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றமே மாற்றும். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு என்றால் மாநிலம் மாறுகிறது. சிவில் நடைமுறைச் சட்டம் 25-ஆம் பிரிவில் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்தம்மா பால் சொசைட்டிக்குப் போகிற தூரம் மாதிரி நினைக்கிற எல்லை, காகிதத்தில் டெல்லி வரைக்கும் போகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சம்மன் வருவதற்கு முன்னால் இவர்கள் பாலக்காடு குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தால் அது செல்லும். 2003-ல் இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் திருத்தி, மனைவி தான் இருக்கிற ஊரிலேயே போடலாம் என்று கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு அது இல்லை. கல்யாணம் நடந்த இடம், எதிராளி இருக்கிற இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இந்த மூன்றில் ஒன்றுதான். பொள்ளாச்சி இரண்டு வகையில் பொருந்துகிறது. அதனால் அவர் போட்ட இடத்தில் தப்பு இல்லை.

என் அபிப்பிராயம், அந்த விவாகரத்து மனுவைப் பொள்ளாச்சியிலேயே நடத்துங்கள். பேசுவது தமிழ், ஜட்ஜ் கேட்பது உங்களுக்கே புரியும், தூரமும் பாலக்காட்டை ஒத்ததுதான். டெல்லிக்குச் செலவழிக்கிற பணத்தை வக்கீலுக்குக் கொடுக்கலாம். ஜீவனாம்சத்தை மட்டும் உங்கள் ஊரில் போடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ். 144, 2024 ஜூலை 1-லிருந்து. மனைவி இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்பதில் மாற்றம் இல்லை.

நகை விஷயத்துக்கும் டெல்லி வேண்டாம், பொள்ளாச்சியும் வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனுக் கொடுக்கலாம். சீதன நகையைப் பிடித்து வைத்துக்கொள்வது பொருளாதார வன்முறை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. திருப்பிக் கொடுக்க உத்தரவு போட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

கொழிஞ்சாம்பாறை மகள் | ஜூன் 4, இரவு 10.10

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி நகரி தங்கை. அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினேன். அவனுக்குக் கோபம். ஆனால் ஏழு வருஷத் தண்டனை என்றதும் பத்திரத்தை மடித்து அம்மா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டான். ஞாயிறு பெரியவர்கள் வருவார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் எனக்கு மாமன், பெரியப்பா முறை.

வேலந்தாவளம் ஆசிரியர் | ஜூன் 4, இரவு 10.30

பெரியவர்களை மறுத்துப் பேச வேண்டாம் தங்கச்சி. ‘சமாதானம் ஆனால் சந்தோஷம், ஆனால் அது கோர்ட்டில் எழுத்தாக வரட்டும்’ என்று சொல்லுங்கள். யாரும் அதற்குக் கோபப்பட முடியாது. மாற்றம் பற்றி நான் சொன்னதைக் குமாஸ்தா திருத்தியது நல்லதாகப் போயிற்று.

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 4, இரவு 11.00

ஆசிரியர் சொன்னது சரி. இரண்டு பேரும் மனமொத்துப் பிரிவது என்றால் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவு. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், அதாவது வரும் ஐப்பசி. மனுப் போட்ட பிறகு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். 2017-ல் உச்ச நீதிமன்றம், சமாதானத்துக்கு வழியே இல்லை, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாசத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்றது. தீர்ப்பு வரும்வரை ஒருவர் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஊர்ப் பத்திரத்தில் இந்த வாசல் கிடையாது.

மீனாட்சிபுரம் அப்பா | ஜூன் 5, காலை 7.20

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது அப்பா. இந்த இழையில் எழுத யோசித்தேன், ஆனாலும் எழுதுகிறேன். என் மகள் உடுமலையில் அவள் அம்மாவிடம் இருக்கிறாள். பார்க்க மாதம் இரண்டு சனிக்கிழமை, கோர்ட் வளாகத்தில் பத்து மணி முதல் ஒரு மணி வரை.

முதல் தடவை போகும்போது செருப்பு வாங்கிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து அவள் போகும்போது போட்டிருந்த சைஸ். ஏழு மாசத்தில் கால் வளர்ந்துவிட்டது, குதிகால் வெளியே நின்றது. அவள் அதைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமும் வெறுங்காலோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாற்றித் தருகிறேன் என்றேன், தரவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதுதான், மகளை ‘வாங்க’ வேண்டும் என்று நான் மனுவில் எழுதச் சொன்னது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது.

நான் செய்த இன்னொரு தப்பு. நடுவில் நாலு மாசம் அவர்கள் பிள்ளையைக் கூட்டி வரவில்லை. நானும் பணத்தை நிறுத்தினேன். ஜட்ஜ் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை அந்த நாலு மாசம் சாப்பிடவில்லையா என்பதுதான். பார்க்க விடாதது ஒரு குற்றம், பணம் கொடுக்காதது வேறொரு குற்றம், ஒன்றுக்கு ஒன்று பதில் ஆகாது என்று சொன்னார். பாக்கி முழுக்கக் கட்டினேன். பிறகு, பார்க்க விடவில்லை என்று தனியாக மனுப் போட்டு, வாரம் ஒரு வீடியோ காலும் கோடை விடுமுறையில் பாதியும் வாங்கினேன். 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, நேரில் பார்க்க முடியாத பெற்றோருக்குப் போனிலாவது பேச வழி செய்ய வேண்டும் என்று.

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா எனக்குத் தெரியாது. முடிந்தால் மகனை அவர் பார்க்கும்படி விடுங்கள். வேண்டுமானால் அவர் வீட்டில் வேண்டாம், கோர்ட்டில் எழுதி வாங்கிப் பொது இடத்தில் விடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மகள் | ஜூன் 5, மதியம் 1.15

தம்பி, உங்கள் எழுத்தை இரண்டு தடவை படித்தேன். விடுகிறேன். அடிதான் பயம், பார்ப்பது இல்லை.

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 5, இரவு 9.00

அடி இருந்தது என்றால் அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

இனி பிள்ளைகள். இந்து இளவர் சட்டத்தில் ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம் என்று இருக்கிறது. சின்னவளுக்கு அது போதும். மகனுக்கு ஒன்பது. ‘இந்த வயது வந்தால் பையன் அப்பாவுக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். இந்தச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. பிள்ளையின் நலன் மட்டும்தான் கணக்கு. ஓரளவு யோசிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் ஜட்ஜ் தன் அறையில் கூப்பிட்டு விருப்பத்தைக் கேட்பார். கேட்பார், அவ்வளவுதான், பிள்ளை சொன்னதே தீர்ப்பு ஆகாது. தயவுசெய்து அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஜட்ஜுகள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தப் பிள்ளையும் ராத்திரி தூங்காது.

தமிழ் மறந்துவிடுவான் என்ற வாதத்துக்கு உங்களிடம் பதில் இருக்கிறதே. ஸ்கூலில் தமிழ் மீடியம் என்று சான்று வாங்குங்கள், வருகைப் பதிவும், மார்க் ஷீட்டும். தமிழ் நோட்டு ஒன்றையும் எடுத்து வையுங்கள். சித்தூர் தாலுகாவில் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். அந்த வரியைப் படித்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

உங்களுக்குச் சம்பளம் குறைவு என்பதற்காகப் பிள்ளையைப் பிடுங்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜீவனாம்சம். 8,000 சம்பாதிப்பதால் கிடைக்காது என்பதும் இல்லை. அந்த வருமானம் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். எவ்வளவு கிடைக்கும் என்று இத்தனை சதவீதக் கணக்கு சட்டத்தில் இல்லை. கணவரின் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கலாம் என்று 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அவருக்கு என்ன தொழில்?

கொழிஞ்சாம்பாறை மகள் | ஜூன் 5, இரவு 9.35

தென்னந்தோப்பு, இளநீர் லோடு அனுப்புகிறார். மனுவில் விவசாயக் கூலி, மாதம் 10,000 என்று எழுதியிருக்கிறது.

சித்தூர் குமாஸ்தா | ஜூன் 5, இரவு 10.20

அப்படித்தான் எழுதுவார்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்களுக்குப் பெரிய துணை. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதனால் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாசமும் உங்களுக்கு நஷ்டம்.

தோப்பு எந்தக் கிராமம், என்ன சர்வே நம்பர் என்று நினைவிருந்தால் தமிழ்நாடு நில இணையதளத்தில் பட்டா, சிட்டா எடுத்துவிடலாம். வண்டி நம்பர், இளநீர் ஏற்றிய போட்டோ, வங்கித் தவணை, எதுவானாலும் சேருங்கள். உடம்பு நன்றாக இருக்கிற ஆள் வருமானம் இல்லை என்று தப்பிக்க முடியாது என்று 2022-லும் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது, கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று.

பொள்ளாச்சி மனுவிலேயே இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேளுங்கள். நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு கோர்ட்டில் வாங்கியதை இன்னொரு கோர்ட்டில் மறைக்காதீர்கள், கழித்துத்தான் கொடுப்பார்கள். நாளைக்குப் பாலக்காட்டில் 144-ல் உத்தரவு வந்து அவர் கட்டாவிட்டால், அவர் இருக்கிற பொள்ளாச்சியிலேயே அதை நிறைவேற்ற மனுப் போடலாம். பாக்கியை ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987 சட்டம். தாலுகா கோர்ட்டிலேயே சட்டப்பணிக் குழு இருக்கும், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள்.

பாறசாலை வாசகி | ஜூன் 6, காலை 11.00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கே எழுதியது எல்லாம் இந்துக்களுக்கானது என்பதைப் படிக்கிற கிறிஸ்தவர்கள் கவனிக்கவும். எங்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம். மனமொத்த மனுவுக்கு அதில் இரண்டு வருஷப் பிரிவு என்று எழுதியிருந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் அதை ஒரு வருஷம் என்று குறைத்துப் படித்தது, 2022 டிசம்பரில் அந்த ஒரு வருஷக் கட்டாயமும் செல்லாது என்றது. களியக்காவிளை தாண்டித் தமிழ்நாட்டில் போடுகிறவர்கள் அங்கே நடைமுறை என்ன என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நகரி தறிவீடு | ஜூன் 6, மதியம் 12.40

முஸ்லிம் சகோதரிகளுக்கும் ஒரு வரி. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பழைய 125-ல் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் ஒருவருக்கு அதை வைத்துத்தான் மனுப் போட்டிருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை மகள் | ஜூலை 19, இரவு 9.15

ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுத நேரம் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறு பெரியவர்கள் வந்தார்கள். ஆசிரியர் அண்ணன் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தையே சொன்னேன். ஒருவர் மட்டும் ‘பொண்ணு கோர்ட்டுக்குப் போறதா’ என்று எழுந்து போனார். மற்றவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

சட்ட உதவியில் இரண்டு பக்கமும் வக்கீல் கிடைத்தார்கள். பொள்ளாச்சியில் வக்காலத்துப் போட்டாயிற்று, 24-ஆம் பிரிவு மனுவும் கொடுத்தாயிற்று. இங்கே 144 மனுவுக்கு நம்பர் விழுந்துவிட்டது. மகனை மாதம் ஒரு ஞாயிறு, பகலில், என் பெரியம்மா வீட்டில் வைத்து அவர் பார்க்கலாம் என்று மத்தியஸ்தத்தில் நானே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். முதல் ஞாயிறு மகனுக்கு ஒரு கூடை இளநீர் கொண்டுவந்தார். அதைப் போட்டோ எடுத்தேன், ஆனால் மனுவில் சேர்க்க மனசு வரவில்லை.

நகை மனு அடுத்த மாதம் எட்டாம் தேதி சித்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். ரசீது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். அம்மா டிரங்குப் பெட்டியில் மூன்று கிடைத்தது, 27 பவுனுக்கு. மீதிக்குக் கல்யாண ஆல்பம்தான்.

சித்தூர் குமாஸ்தா | ஜூலை 19, இரவு 9.50

27-க்கு ரசீது என்பது நல்ல பலம். மீதிக்கு ஆல்பத்தில் எந்தப் படத்தில் எந்த நகை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், ஆரம், வளையல் என்று பெயர் சொல்லி. 2024 ஏப்ரலில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், மனைவியின் 89 பவுனுக்குப் பதிலாக 25 லட்சம் கொடுக்கச் சொன்னது. சீதனம் மனைவிக்கு மட்டும் சொந்தம், கஷ்டத்தில் எடுத்துச் செலவழித்தாலும் திருப்பிக் கொடுக்கக் கணவன் கடமைப்பட்டவன் என்றது. உங்கள் வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.

ரசீது 2014 என்றால் மை மங்கியிருக்கும். நாளைக்கே நல்ல கடையில் கலர் நகல் எடுத்துவிடுங்கள், ஒரிஜினலை யார் கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். எட்டாம் தேதி காலை பத்தரைக்குள் வந்துவிடுங்கள். முதலிலேயே பெயர் கூப்பிடுவார்கள். நானும் அன்றைக்கு அங்கேதான் இருப்பேன்.